சக்கரத்தில் அடைத்த காற்று

பெருந்துறை வட்டாரத்தில் இன்று மோட்டார் வண்டி ஏதும் இல்லாத தோட்டம் அரிதாகிவிட்டது. மஞ்சள் மூட்டைகள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கும், கொப்பரை கூட்டுறவு விற்பனைச் சங்கத்திற்கும் டிராக்டரிலோ சிறு சரக்கு வண்டியிலோ போய்ச் சேருகின்றன. பால் கேன் மொபெட்டில் ஏறுகிறது. குடும்பத்தார் கொடுமுடிக்கும் பழனிக்கும் காரில் செல்கின்றனர். கிராமவாசிகளின் வாழ்வு இவ்வாறு சக்கரத்தின் மேல் ஏறிவிட்டது பற்றி நாம் மகிழ்ச்சியே அடைகிறோம். ஆயினும் ஒரு விஷயத்தைக் கவனித்தல் வேண்டும். சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை, முன்பு 47 என்ற எண்ணுடனும் இப்போது 544 என்ற எண்ணுடனும், நம் ஊர்களின் அருகிலேயே ஓடுகிறது. தோட்டத்து இட்டேறியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்த கார், கால் மணி நேரத்திற்குள் அப்பெருஞ்சாலையில் ஏறி, நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிகளுக்கு நடுவே கலந்துவிடுகிறது. இட்டேறியில் பொறுத்துக்கொண்ட குறையை நெடுஞ்சாலை பொறுப்பதில்லை.

வண்டி வைத்திருப்போரில் எஞ்சின் எண்ணெயைப் பார்ப்போர் உண்டு. கண்ணாடியை நாள்தோறும் துடைப்போர் உண்டு. ஆயுத பூசையன்று சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்காதவர் எவருமில்லை. அச்சக்கரத்தினுள் எத்தனை பவுண்டு காற்று இருக்கிறது என்று கேட்டால் மட்டும், பெரும்பாலோர் ‘போன மாதம் பங்கில் பிடித்தோம்’ என்று கூறி நிறுத்திக்கொள்வர். அக்காற்றைப் பற்றியே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மாட்டு வைத்தியரின் கண்டுபிடிப்பு

காற்றடைத்த சக்கரத்தை உலகில் வழக்கத்திற்குக் கொண்டுவந்தவர் ஒரு மாட்டு வைத்தியர் என்பது குடியானவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப் என்பவர், தம் சிறு மகனின் மூன்று சக்கர மிதிவண்டி கல்பாவிய தெருவில் தடதடவென்று அதிர்வதைக் கண்டு, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் பொருத்தினார். 1888-ஆம் ஆண்டில் அதற்கு உரிமையும் பெற்றார். அவருக்கும் முன்னரே, 1845-இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் இவ்வெண்ணத்திற்கு உரிமை பெற்றிருந்தார். எனினும் அது அக்காலத்தில் நிலைக்கவில்லை. கொங்கு நாட்டில் 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைக் கொண்டு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்களின் காலமுதல் இன்றைய சங்ககிரி, நாமக்கல் லாரிகள்வரை, நம் பகுதியின் செல்வத்தில் ஒரு பெரும்பங்கு இந்தக் காற்றுச் சக்கரத்தின் மீதே உருண்டு வந்திருக்கிறது.

மோட்டார் வண்டிக்கு மட்டுமன்று, மாட்டு வண்டிக்கும் அது நன்மை செய்தது. இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டியை இழுத்த காங்கேயம் காளைகளுக்கு டயர் வண்டி எவ்வளவு இளைப்பாறுதல் தந்தது என்பதை முதியோர் அறிவர். அதே டயரில் காற்றுக் குறைந்தால் காளை படும் பாட்டையும் அவர்கள் அறிவர். காளை நடையிலே காட்டிவிடும். நுகத்தடியில் கழுத்தைச் சாய்த்துத் திணறும். கார் எஞ்சின் அவ்வாறு எதையும் காட்டிக்கொள்ளாமல் சற்று அதிக எண்ணெய் குடித்துவிட்டு ஓடிக்கொண்டேயிருக்கும். மோட்டார் வண்டி வைத்திருப்பவர் ஏமாறும் இடம் இதுவே.

சுமையைத் தாங்குவது ரப்பர் என்று நாம் எண்ணுகிறோம். ரப்பர்ச் சுவர் தாங்குவது சிறிதே. பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளேயிருக்கும் காற்று. ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள காரில் சக்கரம் ஒன்றுக்கு 300 கிலோ பங்காகும். சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ அழுத்தம். 300-ஐ 2.1-ஆல் வகுத்தால் 143 வரும். அதாவது 12 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் அகலமுமுள்ள இடமே ஒவ்வொரு சக்கரத்திலும் சாலையைத் தொடுகிறது. குடும்பம் முழுவதையும் சாலையோடு பிணைத்து வைப்பவை விரித்த உள்ளங்கையினும் சற்றே பெரிய இந்த நான்கு ரப்பர்த் துண்டுகள்தாம். காற்று 20 பவுண்டாகக் குறைந்தால் அதே சுமைக்கு 214 சதுர சென்டிமீட்டர் வேண்டும். டயர் அமுங்கித் தட்டையாகித்தான் அவ்விடத்தைத் தேடிக்கொள்ள முடியும்.

தட்டையாவதனால் என்ன கெடுதி? சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சுமார் 530 தடவை சுழல்கிறது. பெருந்துறையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அங்குப் போய்ச் சேர்வதற்குள் 42 ஆயிரம் சுழற்சிகளுக்கு மேல் ஆகின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் டயரின் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. கம்பியை இருபது முறை வளைத்து நிமிர்த்தினால் வளைந்த இடம் கையைச் சுடுவதை நாம் பார்த்திருக்கிறோம். காற்றுக் குறைந்த டயரில் மடிப்பு ஆழமாகிறது, உஷ்ணம் ஏறுகிறது, சித்திரை வெயிலில் காய்ந்த தார்ச்சாலை மேலும் சூடேற்றுகிறது. உள்ளேயிருக்கும் நூலடுக்குகளும் கம்பிப் பட்டைகளும் ரப்பரினின்று மெல்ல விட்டுப்போகின்றன. பிறகு ஒரு கணத்தில் டயர் வெடிக்கிறது. வெடித்த பின்னர் ஓட்டுநரின் திறமை எவ்வளவு உதவும் என்பது வேகத்தையும், பக்கத்தில் வரும் வண்டியையும் பொறுத்தது. ‘திடீரென்று வெடித்துவிட்டது’ என்று பின்னர் எழுதுகிறோம். உண்மையில் அது பல வாரங்களாக வெடித்துக்கொண்டிருந்தது என்பதே பொருந்தும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேறோர் இடையூறு உண்டு. சாலையில் நீர் தேங்கி நிற்கையில் வேகமாகச் செல்லும் சக்கரம் நீரின்மேல் மிதந்து, பிடிப்பை இழந்துவிடும். விமானச் சக்கரங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், எந்த வேகத்தில் இது நேரும் என்பது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது என்று கண்டனர். அவர்களது கணக்குப்படி வரிகள் தேய்ந்த டயர் 30 பவுண்டில் மணிக்கு ஏறத்தாழ 91 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். 20 பவுண்டில் 74 கிலோமீட்டர் வேகத்திலேயே மிதந்துவிடும்.

கண் ஏமாற்றும்

லாரித் தொழிலில் பழகியவர்கள் டயரைக் கம்பியால் தட்டி ஓசை கேட்பது வழக்கம். இரட்டைச் சக்கரத்தில் உட்புற டயர் முழுவதும் இறங்கிவிட்டதா என்று அறிய அது போதும். 33 பவுண்டுக்கும் 26 பவுண்டுக்கும் உள்ள வேற்றுமையை எந்தக் காதும் அறியாது. காலால் உதைத்துப் பார்ப்பதும் பயனில்லை. கண்ணோ அதைவிடவும் மோசம். இந்நாளில் கார்களுக்கு வரும் ரேடியல் டயர்களின் பக்கச்சுவர், காற்றுச் சரியாக இருக்கும்போதும் அடியில் சிறிது பிதுங்கியே நிற்கும். பழைய டயர்களில் பழகிய கண்ணுக்கு நல்ல டயர் குறையாகவும், குறைந்த டயர் சரியாகவும் தோன்றும். டியூப் இல்லாத டயரில் வேலிக்கருவை முள்ளோ ஆணியோ ஏறினால், அது அடைத்துக்கொண்டே நிற்கும். காற்றுச் சில நாட்களில் மெல்லக் கசியும். பஞ்சர் ஆன செய்தியே வண்டிக்காரருக்கு எட்டுவதில்லை. முள் ஏறாத நல்ல டயரும் மாதம் ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பவுண்டு இழக்கும் இயல்புடையது. ஆதலின் அளந்து பார்ப்பதொன்றே வழி.

எத்தனை பவுண்டு இருத்தல் வேண்டும்? இதற்கு டயர்க் கடைக்காரரையோ பங்கில் நிற்கும் பையனையோ கேட்க வேண்டுவதில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு நிலையில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். வண்டியைச் செய்தவர்கள் கூறும் அளவு அதில் உளது. சில வண்டிகளில் அது கிலோபாஸ்கல் கணக்கில் இருக்கும். 100 கிலோபாஸ்கல் என்பது பதினான்கரை பவுண்டு, ஆகவே 230 என்றிருந்தால் 33 பவுண்டு என்று கொள்க. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அடிப்பவரும் உளர். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. நம் வண்டிக்கு உரிய அளவன்று. கதவுத் தாளில் பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும்: ஒன்று இரண்டு மூன்று பேர் செல்வதற்கு, மற்றொன்று முழுச் சுமைக்கு. பங்குனி உத்திரத்திற்குப் பழனி செல்லும்போது குழந்தைகளும் பெரியவர்களும் பாத்திரம் பண்டங்களும் நிறைந்த காருக்கு இரண்டாம் வரியே பொருந்தும். ஆண்டு முழுவதும் முதல் வரியில் ஓட்டிவிட்டு அன்றைக்கும் அதே காற்றில் புறப்படுவது பின்சக்கரத்திற்குச் செய்யும் அநீதி.

அதிகமாக அடிப்பதும் நன்றன்று. ‘கொஞ்சம் கூட இருந்தால் நாள்பட வரும்’ என்று ஐந்து பவுண்டு சேர்த்து அடிக்கச் சொல்வோர் நம்மிடையே பலர். அப்போது டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டுத் தேயும். பிரேக் பிடிக்கையில் பிடிமானம் குறையும். பள்ளத்தில் விழுந்தால் டயரும் அச்சும் நேரே அடி வாங்கும். நடுவில் தேய்ந்த டயர் காற்று மிகுதியையும், இரு ஓரங்களில் தேய்ந்த டயர் காற்றுக் குறைவையும் காட்டும்.

விடியற்காலையே நேரம்

காற்றை எப்போது அளப்பது என்பதில்தான் நம்மவர் மிகுதியும் தவறுகின்றனர். உஷ்ணம் பத்து பாகை ஏறினால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு உயரும். கதவுத் தாளிலுள்ள எண் குளிர்ந்த டயருக்கு உரியது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்றிருத்தல் வேண்டும். அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாதிருத்தல் வேண்டும்.

இதனை மறப்பதால் விளைவது என்னவென்று பார்ப்போம். விடியற்காலையில் 33 பவுண்டு இருந்த டயர், நடுப்பகல் நெடுஞ்சாலையில் ஓடி வந்தபின் 37 அல்லது 38 காட்டும். பங்கில் நிறுத்துகிறோம். ‘காற்று ஜாஸ்தியாக இருக்கிறது’ என்று அவர் நாலைந்து பவுண்டு இறக்கி, எண்ணை 33-க்குக் கொண்டுவருகிறார். நாமும் திருப்தியோடு வீடு திரும்புகிறோம். மறுநாள் விடியலில் அந்த டயரில் இருப்பது 28 அல்லது 29 பவுண்டே! சரிபார்க்கப் போய்க் குறைத்துக்கொண்டு வந்தோம். எனவே சூடான டயரிலிருந்து ஒருபோதும் காற்றை இறக்கலாகாது. சூட்டோடு பார்க்கையில் உரிய எண்ணைவிடக் குறைவாகக் காட்டுமாயின், அது உண்மையில் இன்னும் குறைவு என்று உணர்ந்து, உரிய எண்ணுக்கு மேல் நான்கு பவுண்டு கூட அடைத்து, மறுநாள் காலையில் திருத்திக்கொள்ளலாம்.

அளப்பதற்குச் சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்வது சிறந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வால்வின் மூடியைக் கழற்றி, கேஜின் வாயை நேராக அழுத்த வேண்டும். காற்றுச் சீறும் ஓசை கேட்டால் சாய்வாக வைத்துவிட்டோம் என்பது பொருள், மறுபடி வைக்க. எண்ணைப் பார்த்தபின் வால்வின் முனையில் எச்சில் அல்லது சோப்பு நீரைத் தொட்டு வைத்தால், கசிவு இருப்பின் குமிழி எழும். மிதிவண்டிக்கு நாம் சிறு வயதுமுதல் செய்துவந்த சோதனை இது. காருக்கும் இதுவே போதும். மூடியைத் திரும்பப் பொருத்துதல் அவசியம். செம்மண் புழுதியும் மணலும் வால்வுக்குள் புகாமல் காப்பது அச்சிறு மூடியே. டிக்கியில் உறங்கும் ஸ்டெப்னியையும் மறக்கலாகாது. வேண்டிய நேரத்தில் அதுவும் தட்டையாயிருத்தல் பெருந்துன்பம். காலால் மிதித்து அடிக்கும் பம்பு ஒன்று இருந்தால் வீட்டிலேயே குறையை நிரப்பலாம். இல்லையெனினும் பெட்ரோல் பங்குகளில் காற்றைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது விதி. பணம் கொடுத்து நைட்ரஜன் அடைப்பது பற்றிப் பலர் கேட்கின்றனர். நாம் மூச்சு விடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் உளது. மாதந்தோறும் அளப்பவருக்கு அதனால் வரும் நன்மை மிகச் சிறிது; அளக்காதவரை அது காப்பாற்றப் போவதில்லை.

காற்றைச் சரியாக வைத்தால் பெட்ரோல் பெரிதும் மிச்சமாகும் என்று விளம்பரம் செய்வோரும் உளர். ஒரு பவுண்டு குறைவுக்கு எரிபொருள் செலவு நூற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஏறும் என்பது அமெரிக்க அரசாங்கத்தின் மதிப்பீடு. எட்டுப் பவுண்டு குறைந்தாலும் நூற்றுக்கு இரண்டுக்கு உட்பட்டதே. அதற்காக அன்று, டயருக்காகவும் உயிருக்காகவும் அளக்கச் சொல்கிறோம்.

அமெரிக்காவைக் குறிப்பிட்டதால் அங்கு நடந்த ஒன்றையும் சொல்லுதல் தகும். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்னும் வண்டிகளில் அவற்றின் மேற்பட்டை ஓட்டத்தில் பிரிந்து, வண்டிகள் உருண்டு, பலர் மாண்டனர். டெக்சாஸ், அரிசோனா போன்ற வெயில் மிகுந்த மாநிலங்களில் விபத்துகள் மிகுந்திருந்தன. டயரின் அமைப்பில் குறையிருந்தது என்று பின்னர் அரசாங்க விசாரணை கண்டது. காற்றைப் பற்றியும் பெரும் விவாதம் எழுந்தது. வண்டிக் கம்பெனி குறித்திருந்த அளவு 26 பவுண்டு, டயர்க் கம்பெனி வேண்டும் என்றது 30. இதன் விளைவாக அங்கு இயற்றிய சட்டத்தால், 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் காற்றுக் குறைவை விளக்கால் காட்டும் கருவி கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் பல புதிய கார்களில் அக்கருவி வருகிறது. நல்ல ஏற்பாடே. ஆயினும் அமெரிக்க விதிப்படி காற்று நான்கில் ஒரு பங்கு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 33 பவுண்டு வேண்டிய டயர் ஏறத்தாழ 25-க்கு இறங்கும்வரை அது வாளாவிருக்கலாம். விளக்கை நம்பிக் கேஜை விடுதல் கூடாது.

டிராக்டரும் தண்ணீர் வண்டியும்

டிராக்டருக்கு ஒரே அளவு எப்போதும் பொருந்தாது. உழவின்போது பின்சக்கரக் காற்று குறைவாக, ஏறத்தாழ 12 முதல் 16 பவுண்டுக்குள், கையேட்டில் கூறியபடி இருத்தல் வேண்டும். அப்போதுதான் டயர் அகன்று மண்ணைப் பற்றும், மண்ணும் இறுகாது. அளவு மீறி அடைத்தால் சக்கரம் வழுக்கிச் சுழன்று டீசலை விழுங்கும். அதே காற்றோடு முழுப் பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு தார்ச்சாலையில் ஓடினால் டயர் சூடேறிக் கெடும். பின்சக்கரத்தில் தண்ணீர் நிரப்பியிருப்போர் வால்வை உச்சியில் நிறுத்தி அளக்க வேண்டும். அடியில் வைத்து அளந்தால் நீரின் பாரமும் கணக்கில் சேரும், கேஜும் கெடும்.

கோடையில் ஊராட்சிகள் குடிநீர் கொண்டுசெல்லும் டாங்கரைப் பற்றி நமக்குக் கவலை உண்டு. 5,000 லிட்டர் தண்ணீர் என்பது ஐந்து டன். இத்தகைய டிரெய்லர்களுக்குப் பழைய லாரி டயர்களை வாங்கிப் போடுவது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. வாங்குமுன் டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்தல் நலம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. வரி ஆழமாயிருந்தும் வயது முதிர்ந்த டயர் உள்ளுக்குள் வறண்டிருக்கும். டாங்கரும் குப்பை அள்ளும் மின்கல வண்டியும் ஊராட்சிச் சொத்து. அவற்றின் சக்கரத்திற்கு மேலே, உரிய காற்றின் அளவைப் பெயின்டால் எழுதிவைத்தால் ஓட்டுபவர் மாறினாலும் அளவு மாறாது. டயர் மாட்டு வண்டிக்கும் இதுவே தக்க முறை.

பால் சங்கத்து வாசல்

இறுதியாக, அங்கத்தினர்கள் ஆலோசிக்க ஒன்று கூறுவோம். குளிர்ந்த டயரோடு ஊரிலுள்ள வண்டிகள் ஒரே இடத்தில் கூடும் நேரம் ஒன்று உண்டு. அது விடியற்காலையில் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாசல். தோட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்தான் வந்திருப்பர், டயர் சூடேறியிராது. 40 லிட்டர் கேனைப் பின்னால் கட்டிய மொபெட்டுகளே அங்கு அதிகம். நாற்பது கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைச் சிறிய பின்சக்கரத்தில் ஏற்றிச் செல்பவர் காற்றைப் பார்ப்பது எவரினும் அவசியம். அவ்வாசலில் ஒரு நல்ல கேஜும், ஒரு மிதி பம்பும் சங்கிலியிட்டு வைக்கலாம். செலவு ஒரு டயரின் விலைகூட ஆகாது. அருகே ஒரு கரும்பலகை இருந்தால், ஊரில் ஓடும் வண்டி வகைகளுக்கு முன்சக்கரம் இத்தனை, பின்சக்கரம் இத்தனை, பாரத்தோடு இத்தனை என்று கையேட்டைப் பார்த்து எழுதிவிடலாம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணவர் ஒருவரிடம் இப்பொறுப்பை விட்டால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடிப்பார். ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கேஜைப் புதிய கேஜ் ஒன்றோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்; இரண்டு பவுண்டுக்கு மேல் வேறுபட்டால் மாற்றிவிடுதல் வேண்டும்.